சோடியத்துக்குப் பன்னிரண்டு மிளகு

ஏற்காட்டில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். அதன் அறிவியல் ஆய்வகத்தில் காவேரி பதினேழு வருடம் வேலை பார்த்தார். பதினேழு வருடமும் தினக்கூலி. அதில் ஐந்து வருடம் நான் அங்கே அறிவியல் ஆசிரியை. ஸ்டாஃப் ரூமில் நாங்கள் எல்லோருமே அவரை “காவேரி, இங்க வா” என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இப்போது வின்னிபெக்கில் உட்கார்ந்துகொண்டு “அவர்” என்று எழுதுகிறேன். செலவில்லாத மரியாதை.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர் காவேரி. அப்பாவின் தாத்தா ஓமலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பு தேடி மலையேறியவர். காவேரி ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். ஆறாம் வகுப்புக்கு ஏற்காடு வரை நடக்க வேண்டும். வயதுக்கு வரப்போகிற பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் எஸ்டேட் நாற்றங்காலில் சேர்த்துவிட்டார்கள்.

காப்பி நாற்று, சில்வர் ஓக் நாற்று. மண் சலிக்க வேண்டும், பையில் நிரப்ப வேண்டும், கேட்டு வருகிறவர்களுக்கு எண்ணிக் கொடுக்க வேண்டும். நூறு நாற்று கேட்டால் நூற்றுப்பத்து எண்ணி வைப்பது அங்கே வழக்கம். லாரியில் போகும்போதே நாலைந்து பட்டுப்போகும், நட்ட பிறகு நாலைந்து பட்டுப்போகும். பட்டுப்போகிறதையும் சேர்த்து எண்ணினால்தான் அது சரியான எண்ணிக்கை. சரியாக நூறு எண்ணி வைத்த நாளில் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் காவேரியைத் திட்டியிருக்கிறார்: “வாங்கறவன் தோட்டத்துல நூறு நிக்கோணும். உன்ற கூடையில நூறு இருந்து என்னத்துக்கு ஆவும்?” பன்னிரண்டு வயதில் வாங்கிய திட்டு. மனிதருக்கு அதெல்லாம் மறக்காது.

கணவர் சென்றாயன் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். எழுபத்து மூன்றில் குப்பனூர் ரோட்டில் லாரி கவிழ்ந்து செத்துப்போனார். கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, பூவாயி. அடுத்த வருடம் எங்கள் பள்ளி மைதானத்தைச் சுற்றி நட சில்வர் ஓக் நாற்று வாங்கினார்கள். நாற்றோடு வந்த காவேரி அவற்றை நட்டார். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும் என்றார்கள், தங்கினார். ஆய்வகம் கூட்ட ஆள் வேண்டும் என்றார்கள், கூட்டினார். கூட்டப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

நான் எழுபத்தொன்பதில் சேர்ந்தேன். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த ரஹமத்துல்லாவின் மகள் கதீஜா. பள்ளி முடியும் வரை தமிழில் படித்து, சேலத்தில் கல்லூரிக்குப் போய் எல்லாவற்றையும் இங்கிலீஷில் மறுபடி படித்தவள். இரண்டிலும் தப்பு வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு அப்போதே உண்டு. முதல் வாரம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முன்னால், கந்தக அமிலம் இருந்த குவளையில் தண்ணீரை ஊற்றப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

“டீச்சர், தண்ணியை அதுல ஊத்தக் கூடாதுங்க. ஆசிட்டைத்தான் தண்ணியில ஊத்தோணும். இல்லாட்டி மூஞ்சிக்குத் தெறிக்குமுங்க.”

அது எனக்குத் தெரியாத விதி இல்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விதி. காவேரி பிடித்த கையை உடனே விட்டுவிட்டு, “தொட்டுட்டனுங்க, தப்பா நெனைக்காதீங்க” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா அவரைப் பார்த்தா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு நான் நன்றி சொல்லவில்லை.

எண்பத்திரண்டில் ஆய்வக உதவியாளர் வேலை ஒன்று பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது. நிரந்தர வேலை. எட்டாவது பாஸ் செய்திருக்க வேண்டும். ஆனால் அனுபவம் இருந்தால் நிர்வாகம் விலக்குக் கொடுக்கலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கண்டுபிடித்தவர் தலைமையாசிரியை ஜெயமேரி டீச்சர். காவேரியை அறைக்குக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

“சேலத்துல தாளாளர் ஆபீஸ்ல இன்டர்வியூ. வேலை தெரியும்னு அவங்க கண்ணால பாக்கணும். வாயால சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. ஏதாவது செஞ்சு எடுத்துட்டுப் போ.”

“வேற ஆருங்க வர்றாங்க?”

“கோவிந்தராஜுன்னு ஒருத்தன். தாளாளரோட டிரைவருக்கு மச்சான்.”

காவேரி முந்தானையை இழுத்துச் செருகினார். “அப்ப நொம்ப நல்லாவே செய்யோணுமுங்க” என்றார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். “பூவாயிக்குப் பதினொண்ணு ஆவுதுங்க டீச்சர். எங்கூட்டுல நாலு தலைமுறையா பொம்பளைங்க பன்னண்டு வயசுல காப்பிக் கூடையைக் கட்டிக்கிட்டாங்க. இந்த வேலை கெடைச்சா அவ கட்ட வேண்டாம். அவ்வளவுதானுங்க எனக்கு.”

அணு மாதிரிகள் செய்யலாம் என்று யோசனை சொன்னது நான். ஹைட்ரஜனிலிருந்து சோடியம் வரை, பதினொரு தனிமங்கள். கடையில் வாங்கினால் பிளாஸ்டிக் குண்டு, கம்பி. எங்கள் பள்ளியில் அதெல்லாம் கிடையாது. சில்வர் ஓக் பலகையில் செய்கிறேன் என்றார். நடுவில் கருவுக்குச் சிவப்புக் குன்றிமணிகள், அவை புரோட்டான். கூடவே வெளிறிய காராமணி, அது நியூட்ரான். சுற்றிலும் மூங்கில் சிம்பை வளைத்து வட்டங்கள். வட்டத்தின் மேல் வஜ்ஜிரப் பசை வைத்து ஒட்டிய மிளகு, எலக்ட்ரான்.

ஒரு மத்தியானம் உட்கார வைத்து விளக்கினேன். புரோட்டானில் இருப்பது நேர் மின்சுமை, எலக்ட்ரானில் இருப்பது எதிர் மின்சுமை. உள்ளே எத்தனை புரோட்டானோ வெளியே அத்தனை எலக்ட்ரான். இரண்டும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டி அணு மொத்தத்தில் மின்சுமை இல்லாமல் நிற்கிறது. அதுதான் நடுநிலை அணு.

“ரெண்டும் ஒரே எடைங்களா?”

“இல்ல. எலக்ட்ரான் ரொம்பச் சின்னது. ஒரு புரோட்டான் எடைக்கு ஆயிரத்தெண்ணூறு எலக்ட்ரானுக்கு மேல வேணும்.”

“ஆனா பெலம் மட்டும் சமம்?”

“மின்சுமை மட்டும் சமம். ஒண்ணுக்கு ஒண்ணு.”

காவேரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. “அத்தனூண்டு இருந்துக்கிட்டு உள்ள இருக்கற பெரியவனுக்குச் சரியா நிக்குதா! தெகிரியமான சாமானமுங்க.” அப்புறம் காராமணியைக் கையில் உருட்டினார். “இது எதுக்குங்க?”

“நியூட்ரானுக்கு மின்சுமை இல்ல. ஆனா எடை உண்டு.”

“ஓ. கனமா உக்காந்திருக்கும், ஒண்ணும் பண்ணாது. நம்ம ஆபீஸ் ரூமு மாதிரி.”

நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தேன். நியூட்ரானுக்கும் வேலை உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். பாடத்தில் அவ்வளவு தூரம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று கேட்டார். நான் வகுப்பெடுத்த ஐந்து வருடத்தில் ஒரு பிள்ளைகூடக் கேட்காத கேள்வி. “சோடியத்து எலக்ட்ரானும் ஹைட்ரஜனு எலக்ட்ரானும் ஒரே மாதிரிங்களா, இல்ல வேற வேறயா?”

“எல்லாம் ஒண்ணேதான். வித்தியாசமே கிடையாது.”

“அப்ப மொளகைச் சலிக்கோணும்” என்று எழுந்துவிட்டார். எங்கள் அத்தா கடையில் வாங்கிய மிளகை மூன்று சல்லடையில் சலித்து, ஒரே அளவாக அறுபத்தாறு மிளகு பொறுக்கினார். ஒன்றிலிருந்து பதினொன்று வரை கூட்டிப் பாருங்கள், அறுபத்தாறு வரும். அவருக்கு எண்ணிக்கை தெரியாது என்று பின்னால் எழுதி வைத்தார்கள்.

ஒரு எலக்ட்ரான் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். குறைந்தால் நேர் அயனி, கூடினால் எதிர் அயனி. இரண்டுமே நடுநிலை இல்லை. உள்ளே இருக்கிற புரோட்டான் இப்படி வருவதும் போவதும் இல்லை, வெளியே ஓரத்தில் இருக்கிற எலக்ட்ரான்தான் போகும் வரும் என்றேன். “அது எங்கயும் அப்படித்தானுங்க” என்றார். அவர் புரிந்துகொண்டார் என்பதற்கு நான் சாட்சி. என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இன்டர்வியூ நாள் காலை முதல் பஸ்ஸில் காவேரியும் நானும் ஏறினோம். ஜெயமேரி டீச்சர்தான் என்னைத் துணைக்கு அனுப்பினார். பதினொரு பலகைகளும் ஒரு மரப்பெட்டியில். இழைத்த மரச் சுருளைத் திணித்து, பழைய சேலைத் துணியைச் சுற்றி, கோணி ஊசியால் தைத்திருந்தார். பெட்டியை லக்கேஜ் போடுகிற இடத்தில் வைக்க விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் கேலி செய்தார்.

“ஏனுங்கக்கா, பொட்டியில என்ன, பொண்ணு சீதனமா?”

“அணுவுங்க.”

“குண்டா?”

“குண்டு இல்லீங்க, வெறும் அணு. நீங்க வளைவுல மெதுவா போகச் சொல்லுங்க, வெடிக்காது.”

பஸ்ஸே சிரித்தது. இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பஸ் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். பத்தாவது வளைவு வாக்கில் என் காதருகே வந்தார்.

“டீச்சர், ஒண்ணு சொல்லோணும். அப்பறமா இன்னும் பதினொண்ணு பொறுக்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு மொளகு சேத்தி ஒட்டியிருக்கறனுங்க.”

“என்னது?”

“வளைவுல ஆடுமில்லீங்க. வஜ்ஜிரம் முழுசாக் காயலே. ஒண்ணாச்சும் உதிரும். அங்க போயி உதிர்ந்து கெடந்தா ஒட்டறதுக்கு வஜ்ஜிரத்துக்கு எங்க போறது? அதான். எறங்குனதும் எண்ணிப் பாத்து, மிச்சம் இருக்கறதைச் சுரண்டி எடுத்தர்றேன். அரை பிளேடு கொண்டாந்திருக்கறனுங்க.” சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினார்.

நாற்றங்கால் புத்தி. நூற்றுக்கு நூற்றுப்பத்து. எனக்கு அது அப்போது தப்பாகவே படவில்லை. “சரி, இறங்கினதும் பாத்துக்கலாம்” என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன். சொல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்ள எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன்.

அடிவாரத்துக்கு முன்னால் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முக்கால் மணி நேரம் போயிற்று. சேலத்தில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம்; பெட்டியைப் பிரிக்க இடமில்லை. தாளாளர் ஆபீஸ் வாசலை அடைந்தபோது பத்தே கால். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கோவிந்தராஜ் உள்ளே போய்விட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது, இஸ்திரி போட்ட சட்டை.

“என்ன கேட்டாங்க தம்பி?” என்றார் காவேரி.

“ஊரு எது, அப்பா என்ன பண்றாருன்னு கேட்டாங்க. அவ்வளவுதாங்கக்கா.”

காவேரி தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். அதற்குள் பியூன் வந்துவிட்டான். “ஏற்காட்டுப் பொட்டி இதானே? உள்ள கேக்கறாங்க.”

“சாமி, ரெண்டே நிமிசம். ஒண்ணு பாக்கோணும்.”

“இப்பவே நேரமாயிருச்சுன்னு கத்திட்டிருக்காங்க. நீங்க கூப்பிட்டப்புறம் வாங்க.” பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். காவேரி பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எங்களை உள்ளே கூப்பிட்டபோது பதினொரு பலகைகளும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. அழகாக இருந்தன. அதைச் சொல்ல வேண்டும். வார்னிஷ் போட்ட பலகை, சிவப்பும் கறுப்புமாக. தாளாளர் நடுவில், பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர், இன்னும் ஒருவர். இருபது வளைவு, உடைந்த ரோடு, டவுன் பஸ். ஒரு மிளகுகூட உதிரவில்லை.

பேராசிரியர் முதல் பலகையை எடுத்தார்.

“இது என்னம்மா?”

“ஹைட்ரஜனுங்க.”

“உள்ளே எத்தனை?”

“ஒரு புரோட்டானுங்க.”

“வெளியே?”

“ஒண்ணுதானுங்க இருக்கோணும்.”

“இருக்கணும் சரி. எத்தனை இருக்கு?”

“ரெண்டுங்க. அது வந்துங்க, வழியில ஒண்ணு உதிருமுன்னு சேத்தி வெச்சது. உதிரலீங்க.”

மூன்று பேரும் சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “எலக்ட்ரான் பஸ்ல உதிருமா? இதோ சோடியம். புரோட்டான் பதினொண்ணு. எலக்ட்ரான்... பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. சோடியத்துக்குப் பன்னெண்டு! ஏம்மா, இது நடுநிலை அணுவா?”

“இல்லீங்க. பன்னண்டு இருந்தா அது எதிர் அயனிங்க. ஒண்ணை எடுத்தா சரியாப் போயிருமுங்க. நாத்து எண்ணறப்ப நூத்துக்கு நூத்திப்பத்துன்னு வெப்பமுங்க, அந்தப் பழக்கத்துல—”

“அணுவுக்கு நாத்துக் கணக்கா!” என்றார் தாளாளர். மறுபடி சிரிப்பு.

எதிர் அயனி என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பதினொரு பலகையிலும் சரியாக ஒன்றே ஒன்று கூடுதல் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. தெரியாமல் செய்தவள் ஒன்றில் கூட்டுவாள், ஒன்றில் குறைப்பாள். பதினொன்றிலும் ஒன்றே கூடியிருந்தால் அது வேண்டுமென்று செய்தது. வேதியியல் படித்த ஒருவருக்கு இது தோன்றியிருக்க வேண்டும். வேதியியல் படித்தவர்கள் அந்த அறையில் இரண்டு பேர் இருந்தோம்.

காவேரி என் பக்கம் திரும்பினார். “டீச்சருக்குத் தெரியுமுங்க. பஸ்ஸுல சொன்னனுங்க.”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். “நீங்கதானே சயின்ஸ் டீச்சர்? உங்க மேற்பார்வையில செஞ்சதா இது?”

சேர்ந்து மூன்று வருடமாகியும் எனக்குத் தகுதிகாண் பருவம் முடியவில்லை. என் பணி உறுதிக் காகிதம் அதே தாளாளரின் கையெழுத்துக்காக அதே ஆபீஸில் எங்கோ கிடந்தது. ஆமாம் என்றால், ஒன்றுக்கு ஒன்று தெரியாத டீச்சர் என்று ஆகிவிடும். விளக்கிச் சொன்னால், பஸ்ஸிலேயே தெரிந்தும் ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். இதையெல்லாம் அரை நொடியில் யோசித்தேன். பயந்தவர்களுக்கு மூளை வேகமாக வேலை செய்யும்.

“செஞ்சு முடிச்சப்புறம் நான் எண்ணிப் பாக்கலை சார்” என்றேன்.

காவேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜைப் பக்கம் ஒரு அடி வைத்தார். “அஞ்சு நிமிசம் குடுங்க. பதினொண்ணையும் சரி பண்ணீர்றேன்.” கையில் அரை பிளேடு.

“பிளேடை வெச்சுட்டு வெளிய இரும்மா” என்றார் தாளாளர். சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பெட்டி காலடியில் கிடந்தது, அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒரு வளைவில் சொன்னார்: “கொஞ்சம் அசட்டையாக் கட்டியிருக்கோணும். உதிர்ந்திருக்கும்.” ஜெயமேரி டீச்சர் கேட்டபோது, “அவளுக்குப் பதற்றம் ஆயிடுச்சு டீச்சர்” என்று சொல்லிவைத்தேன்.

அடிப்படைப் புரிதல் இல்லை, எண்ணிக்கை தெரியவில்லை என்று காகிதம் வந்தது. கோவிந்தராஜ் சேர்ந்தான். கெட்டவன் இல்லை. ஒன்றும் தெரியாதவன், தெரிந்துகொள்ள அவசியமும் இல்லாதவன். “காவேரிக்கா, இதுல எது காப்பர் சல்பேட்?” “நீலமா இருக்கறது சாமி.” ஒன்பது வருடம் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆய்வகச் சாவி அவனிடம், வேலை இவரிடம். பதினொரு பலகைகளிலும் கூடுதல் மிளகை மறுநாளே சுரண்டி எடுத்துவிட்டார் காவேரி. அந்தப் பலகைகளை வைத்துத்தான் நான் இரண்டு வருடம் பாடம் நடத்தினேன். அலமாரியில் ஓர் அட்டை தொங்கியது: “தயாரிப்பு: ஆய்வக உதவியாளர்.” அதைப் பார்க்கிறவர்கள் கோவிந்தராஜைத்தான் பாராட்டினார்கள். அவனும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

பூவாயி எட்டாவது வரை படித்தாள். அதற்கு மேல் முடியவில்லை. பன்னிரண்டு வயதில் கட்டவேண்டிய கூடையைப் பதினான்கு வயதில் கட்டினாள். நான்கு தலைமுறைக்குப் பிறகு காவேரியால் முடிந்தது இரண்டு வருடம்.

எண்பத்து நான்கில் எனக்குக் கல்யாணமாகி, அடுத்து கனடாவுக்கு விண்ணப்பித்தோம். பள்ளி எனக்கு அனுபவச் சான்றிதழ் கொடுத்தது. “ஆய்வகம் முழுவதும் இவர் பொறுப்பிலும் நேரடி மேற்பார்வையிலும் நடந்தது” என்று அதில் ஒரு வரி. மேற்பார்வையில் நடந்ததா என்று ஒரு அறையில் கேட்டதற்கு இல்லை என்ற மாதிரி சொன்னவள், ஆமாம் என்று எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

தொண்ணூற்றொன்றில் இனி ஆள் தேவையில்லை என்று காவேரியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தொண்ணூற்று மூன்றில்தான் தெரியும். அத்தா மவுத்தானதுக்கு வந்திருந்தேன். விசாரித்துக்கொண்டு வெள்ளக்கடை கிராமத்துக்குப் போனேன். ரோட்டோரத் தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு எழுபது வயது முகம். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார், ஆனால் கை நிற்கவில்லை.

“வாங்க டீச்சர். அத்தா போயிட்டாருன்னு கேள்விப்பட்டனுங்க. நல்ல மனுசன்.”

நான் ஏதோ ஆரம்பித்தேன். அன்றைக்குச் சேலத்தில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

“நீங்க பொய் சொல்லலீங்களே. எண்ணிப் பாக்கலைன்னீங்க. நெசமாவே எண்ணிப் பாக்கலைதான்.”

“காவேரி...”

“விடுங்க. அழுகாதீங்க, அழுது எனக்கு என்னாவப் போவுது. அதுக்கு ஒரு காரியம் பண்ணுங்க.” பறித்த காயைக் கூடையில் போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார். “லேபர் ஆபீசுல மனு குடுத்திருக்கறேன். பதினேழு வருசம் லேப்புல வேலை பாத்தேன்னு ஆராச்சும் டீச்சருங்க எழுதிக் குடுத்தா ஏதோ ஒரு பென்சன் வரும்ங்கறாங்க. ஜெயமேரி டீச்சரு செத்துட்டாங்க. கோவிந்தராஜு எழுத மாட்டான். எழுதுனா அவன் என்ன வேலை பாத்தான்னு கேப்பாங்கல்ல? நீங்கதான் இருக்கீங்க. லேப்பு வேலை பூரா நான்தான் பாத்தேன்னு எழுதோணும். கூட்டுனேன் பெருக்குனேன்னு இல்ல. லேப்புன்னு எழுதோணும். அந்த ஒத்தை வார்த்தைதானுங்க.”

“எழுதி அனுப்பறேன்” என்றேன். அன்றைக்கு மனதாரத்தான் சொன்னேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும். “அட்ரசைப் பூவாயிகிட்ட வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

வின்னிபெக்குக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. ஆய்வக வேலைகள் முழுவதையும் இவரே செய்துவந்தார் என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது. அதன் அடியில் எங்கேயோ என் பழைய சான்றிதழின் நகல் இருந்தது: முழுவதும் என் பொறுப்பில். இரண்டு காகிதத்தையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? ஏற்காட்டில் ஒரு மனுவுக்காக எழுதிய காகிதத்தை ஒட்டாவாவில் ஒருவர் எடுத்துப் பார்க்கப்போவதில்லை என்று கணவர் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. ஐந்து மாதம் அந்தக் காகிதம் மேஜையில் கிடந்தது.

கடைசியில் அனுப்பினேன். “திருமதி காவேரி இப்பள்ளி வளாகத்தில் நான் பணிபுரிந்த காலத்தில் கூட்டுதல், பெருக்குதல் முதலிய துப்புரவுப் பணிகளை நேர்மையுடன் செய்துவந்தார்.” நேர்மையுடன் என்று சேர்த்தது, நல்லதாக இருக்கட்டுமே என்றுதான். அவர் கேட்ட வார்த்தை அதில் இல்லை.

பூவாயியிடமிருந்து ஒரு ஏரோகிராம் வந்தது. எட்டாவதோடு நின்றுபோன கையெழுத்து, ஆனால் பிழையில்லாமல் எழுதியிருந்தாள்.

“கதீஜா டீச்சர் அவர்களுக்கு. உங்கள் கடிதத்தை ஆபீசில் கொடுத்தோம். கூட்டுகிற வேலை என்றுதான் டீச்சரே எழுதியிருக்கிறார், லேப் வேலை என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படி என்றார்கள், படித்தேன். உங்களுக்குப் பதில் எழுத வேண்டாம் என்று சொன்னார்கள். கடிதம் வந்து சேர்ந்ததா என்று நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று நானாகத்தான் எழுதுகிறேன்.”